பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி: ஒரு போஸ்ட்மாஸ்டரின் அயர்லாந்து நாட்குறிப்பு

டப்ளின், வியாழன் இரவு

அயர்லாந்து போகிறோம் என்றதும் பாதிப்பேர் "லண்டன் பக்கமா?" என்று கேட்டார்கள். மீதிப்பேர் ஐஸ்லாந்தை நினைத்துக்கொண்டு கம்பளிச் சட்டை வாங்கச் சொன்னார்கள். அவர்களுக்காக ஒரு சின்ன பூகோளப் பாடம். பிரிட்டனுக்கு மேற்கே கடலில் தனியாகக் கிடக்கும் தீவு இது. பரப்பு சுமார் 84,000 சதுர கி.மீ., அதாவது தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரே தீவில் இரண்டு ஆட்சி. மொத்தமுள்ள 32 கவுண்டிகளில் 26 சேர்ந்தது அயர்லாந்துக் குடியரசு: தலைநகர் டப்ளின், பணம் யூரோ. வடகிழக்கு மூலையில் இருக்கும் 6 கவுண்டிகள் வட அயர்லாந்து: தலைநகர் பெல்ஃபாஸ்ட், பணம் பவுண்டு, மன்னர் லண்டனில். இரண்டையும் பார்த்துவிடுவது என்று நானும் வீட்டம்மாவும் கிளம்பி வந்திருக்கிறோம்.

விசா பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இரண்டு பக்கமும் விசா வேண்டும். ஆனால் 'பி.ஐ.வி.எஸ்.' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்று குறிப்பிட்டுக் கொடுத்த ஐரிஷ் விசா ஒன்றே இரண்டுக்கும் செல்லும். விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எல்லையில் யாரும் கேட்பதில்லை என்று அது இல்லாமலே வடக்கே போய்வருகிறவர்கள் உண்டாம். கேட்க ஆள் இல்லை என்பதற்காகச் சட்டம் இல்லாமல் போய்விடாது. விசா கைக்கு வந்த அன்றே அந்த நான்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகன் இங்கே ஐ.டி. வேலையில் இருக்கிறான். மே மாதம், இரவு ஒன்பது மணிக்கும் பளிச்சென்று வெளிச்சம். சாப்பிட்ட பிறகு தெருமுனை வரை நடந்தோம். அங்கே ஒரு தபால் பெட்டி. வட்டத் தூண் வடிவம், வார்ப்பிரும்பு, நம் ஊர்ப் பெட்டிக்குச் சொந்தக்காரன்தான். நிறம் மட்டும் பச்சை. கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். வாய்க்குக் கீழே கிரீடமும் 'வி.ஆர்.' என்ற எழுத்துகளும் புடைத்துக்கொண்டிருந்தன. விக்டோரியா ராணி! 1922இல் ஐரிஷ் சுதந்திர அரசு வந்ததும் பிரிட்டிஷ் காலத்துச் சிவப்புப் பெட்டிகளைப் பிடுங்கவில்லை. மேலே பச்சை வர்ணம் அடித்துவிட்டார்கள். வார்ப்பிரும்புப் பெட்டியைப் பெயர்த்துப் புதிது வைக்க என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து அதிகாரி யாரோ எங்கள் ஜாதி ஆள், கணக்குத் தெரிந்தவர்.

"முப்பது தடவை இதைத் தாண்டிப் போயிருப்பேன் பெரியப்பா, கவனிச்சதே இல்ல" என்றான்.

"நீ லெட்டர் போட்டா கவனிச்சிருப்பே."

டப்ளின், வெள்ளி

இன்று முழுக்க ஜி.பி.ஓ., அதாவது தலைமைத் தபால் நிலையம். வீட்டம்மா காலையிலேயே டிரினிட்டி கல்லூரிக்குப் போய், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய, படம் வரைந்த கெல்ஸ் பைபிள் சுவடியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். பார்க்க நல்ல கூட்டம், டிக்கெட் விலை அதிகம், படம் அழகு. அவள் சொன்ன விவரம் இவ்வளவுதான். எனக்கும் அது போதும்.

ஒரு நாட்டின் சுதந்திரப் போராட்டத்துக்குத் தலைமையகமே தபால் நிலையம் என்பது இங்கேதான். ஓ'கானல் தெருவில் பெரிய கல்தூண்களோடு நிற்கும் இந்த ஜி.பி.ஓ. 1818இல் திறந்தது. 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள், விடுமுறை நாள். பகல் பொழுதில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஒரு கூட்டம் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து, ஸ்டாம்பு வாங்க நின்றவர்களையும் ஊழியர்களையும் வெளியே போகச் சொன்னது. கவுண்டரில் நின்ற ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியை டெலிபோன் வயரால் கட்டி டெலிபோன் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். அவர்கள் தலைவர் பாட்ரிக் பியர்ஸ் வாசலில் வந்து குடியரசுப் பிரகடனத்தைப் படித்தார். கேட்டவர்கள் கொஞ்சம், புரிந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம். சனிக்கிழமை 29ஆம் தேதி சரணடைந்தபோது கட்டடத்தில் வெளிச்சுவரைத் தவிர மிச்சமில்லை. அந்த வாரத்தில் நகரில் 480 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் துப்பாக்கி தூக்காத பொதுமக்கள்.

துறைக்காரன் என்ற முறையில் எனக்கு ஒரு விமரிசனம் உண்டு. தந்தி இருந்த ஜி.பி.ஓ.வைப் பிடித்தவர்கள், கூப்பிடு தூரத்தில் கிரவுன் சந்தில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சை விட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதன் வழியாகவே பேசிப் படை வரவழைத்துக்கொண்டார்கள். வாசலுக்கு நல்ல கட்டடமாகப் பார்த்துப் பிடித்தார்களே தவிர, லைனைப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் உள்ளே இருந்தவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ், இளம் வயதில் லண்டனில் தபால் சேமிப்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். பின்னால் பிரிட்டிஷ் உளவுத் துறையையே ஆட்டிவைத்த ஆள் அவர். அன்றைக்கு அவர் பேச்சு எடுபடும் இடத்தில் இல்லை.

தூண்களில் குண்டு பட்ட வடு இன்றும் இருக்கிறது. தெருக்கோடியில் டேனியல் ஓ'கானல் சிலையின் பீடத்தில் இறக்கை வைத்த பெண் உருவங்களிலும் ஓட்டை. உள்ளே இப்போதும் தபால் கவுண்டர் நடக்கிறது. வரிசையில் நின்று ஸ்டாம்பு வாங்கினேன். கவுண்டரில் இருந்த அம்மா, நானும் தபால் துறைதான் என்றதும், "எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்றுதான் முதலில் கேட்டார். எந்த நாட்டிலும் எங்கள் ஆட்களுக்கு அதே கேள்விதான்.

அவரிடம் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை அசத்திவிட்டது. இந்த நாட்டுக்குப் பின்கோடு வந்ததே 2015இல்தான். நமக்கு 1972இலேயே வந்துவிட்டதே! டப்ளினுக்குள் வட்டார எண்கள் இருந்தன. வெளியே எதுவும் கிடையாது. கிராமத்தில் ஒரே பெயர் கொண்ட ஒரு வட்டாரத்தில் பத்து வீடு இருந்தால் பத்துக்கும் முகவரி ஒன்றே. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு முகவரிகள் அப்படி. மர்ஃபி என்று நாலு குடும்பம் இருந்தால் எந்த மர்ஃபி என்பது தபால்காரரின் மண்டையில்தான் இருக்கும். இப்போது வந்த 'எயர்கோடு' ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. அதிலும் பக்கத்து வீட்டு எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் தொடர்பு இருக்காது. ஜி.பி.எஸ்.ஸுக்குச் சௌகரியம், பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனுக்கு எதுவும் பிடிபடாது.

டப்ளின், சனி

கில்மெய்னம் சிறை. ஆன்லைனில் முன்னாலேயே எடுக்காவிட்டால் டிக்கெட் கிடைக்காது. 1796இல் திறந்து 1924இல் மூடிய சிறை. ஈஸ்டர் எழுச்சித் தலைவர்களில் 14 பேரை 1916 மே 3 முதல் 12க்குள் கல்லுடைக்கும் முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். ஜேம்ஸ் கானலிக்குக் காயம்பட்டு நிற்க முடியவில்லை. நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். ஜோசப் பிளங்கெட் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைக் கோவிலில் கிரேஸ் கிஃபர்டுக்குத் தாலி கட்டாத குறையாக மோதிரம் போட்டார். ஈஸ்டர் வாரத்தில் கலகக்காரர்களைத் திட்டிய அதே டப்ளின் ஜனங்கள், அந்தப் பத்து நாளில் கட்சி மாறிவிட்டார்கள். சுட்டதை ஒரே நாளில் முடிக்காமல் தவணை முறையில் நடத்தியது ராணுவம் செய்த அறிவீனம்.

ஆனால் வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னது வேறொன்று. 1921 டிசம்பரில் பிரிட்டனோடு ஒப்பந்தம் ஆகி, வடக்கே ஆறு கவுண்டிகளை விட்டுக்கொடுத்து, மன்னருக்கு விசுவாசம் சொல்லி அரைச் சுதந்திரம் வாங்கியபோது, போராளிகள் இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போர் மூண்டது. 1922 நவம்பரில் இதே சிறை வளாகத்தில் நான்கு இளைஞர்களைச் சுட்டது புதிய ஐரிஷ் அரசு. போர் முடிவதற்குள் அப்படி 70 பேருக்கு மேல். பிரிட்டிஷார் 1916இல் நிறைவேற்றிய மரண தண்டனைகளைப்போலப் பல மடங்கு. இங்கே கடைசியாக அடைபட்டிருந்த கைதி ஈமன் டி வலேரா. அவரே பிறகு பிரதமரும் ஜனாதிபதியும் ஆனார். அவர் காலத்தில் 1937இல் எழுதிய அரசியல் சட்டத்திலிருந்துதான் நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் என்ற யோசனை வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் ஐரிஷ் மொழி மேலே, ஆங்கிலம் கீழே. சட்டப்படி முதல் ஆட்சிமொழி. பள்ளியில் கட்டாயம். 2022 கணக்கெடுப்பில் 18 லட்சம் பேருக்கு மேல் 'எனக்குப் பேசத் தெரியும்' என்று எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்கள் 72,000. ஐம்பத்தொரு லட்சம் ஜனத்தொகையில்! பலகையில் வைத்த மரியாதையைப் பார்த்து நான் மயங்கியிருந்தேன். இந்தக் கணக்கு இறக்கிவிட்டது. நம்மவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன், ஞாயிறு

தம்பி மகன் காரில் மேற்கே இரண்டு மணி நேரம். இந்தத் தீவு ஒரு தாம்பாளம். விளிம்பில் மலை, நடுவே தட்டை. நடுப்பகுதியில் கறுப்புச் சதுப்பு நிலம் பாளம் பாளமாக வருகிறது. அந்த மண்ணை வெட்டிக் காயவைத்தால் விறகு. அதை எரித்து மின்சாரமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சுற்றுச்சூழல் கருதி அரசு நிறுவனம் வெட்டுவதை நிறுத்திவிட்டது. எங்கும் பச்சை என்றாலும் அது புல். காடு நூற்றுக்கு 11 பங்குதான்.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஒரு சின்ன ஊர், அதற்குச் சற்றும் பொருந்தாத அகலத்தில் ஒரு தெரு, தெரு முடிவில் ஜமீன் மாளிகை. உள்ளே பஞ்ச அருங்காட்சியகம். 1979இல் உள்ளூர் மோட்டார் வியாபாரி ஜிம் கேலரி இந்த எஸ்டேட்டை வாங்கியபோது, அலுவலக அறையில் பஞ்ச காலத்துக் காகிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. குளூனஹி என்ற ஊர்க் குடியானவர்கள் பட்டினி தாங்கவில்லை என்று 1846இல் எழுதிய மனு அவற்றில் ஒன்று. குப்பையில் போடாமல் அதை வைத்து அருங்காட்சியகம் கட்டினார் மனிதர்.

முதலில் மாளிகையின் சமையலறை. உயரே ஒரு மரப் படிக்கட்டு மாடம் ஓடுகிறது. திங்கட்கிழமை தோறும் எஜமானியம்மாள் அங்கே நின்று, வாரத்துக்கான சமையல் பட்டியலைக் கீழே சமையல்காரியிடம் போடுவாராம். கீழே இறங்கி வர மாட்டார். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே பூமிக்கடியில் சுரங்கப்பாதை, வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் போய்வர. வீட்டம்மா அந்த மாடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நாற்றம் வரும்னு இறங்கலையோ என்னமோ" என்றாள்.

1845இல் உருளைக்கிழங்குச் செடியில் ஒரு நோய் வந்தது. பூஞ்சை மாதிரியான ஒரு நுண்ணுயிர். ஈரக் காற்றில் பரவும். இலை கறுத்து, கிழங்கு மண்ணுக்குள்ளேயே கூழாகிவிடும். ஏழைகள் கிழங்கை மட்டுமே நம்பியிருந்தார்கள், அதிலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை. ஏனென்றால் நல்ல நிலமெல்லாம் தானியத்துக்கும் மாட்டுக்கும். அது குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும். மிச்சமிருந்த துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் பயிர் கிழங்கு ஒன்றுதான். ஏழு வருஷத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். அந்தக் காலத்தில் கப்பலில் தானியமும் போய்க்கொண்டுதான் இருந்தது. 1841இல் தீவின் ஜனத்தொகை 82 லட்சம். இன்றைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 70 லட்சத்துச் சொச்சம். நூற்றெண்பது வருஷமாகியும் ஆள் குறைவு.

இந்த எஸ்டேட் முதலாளி டெனிஸ் மேஹன், 1847 மே மாதம் தன் குடிகள் 1,490 பேரை கனடாவுக்கு அனுப்ப முடிவு செய்தார். வருஷா வருஷம் கஞ்சித்தொட்டிக்கு வரி கட்டுவதைவிடக் கப்பல் கூலி மலிவு என்பது கணக்கு. டப்ளின் துறைமுகம் வரை கால்வாய்க் கரையோடு நடை, 165 கி.மீ. அங்கிருந்து லிவர்பூல், பிறகு அட்லாண்டிக். 'விர்ஜினியஸ்' என்ற கப்பலில் ஏறியவர்கள் 476 பேர். கரை சேர்வதற்குள் 158 பேர் கடலில் போனார்கள். அந்த நவம்பரில் மேஹனை வண்டியில் வரும்போது யாரோ சுட்டுக் கொன்றார்கள். நடந்து போன பாதையில் இன்று அடையாளத்துக்குக் குழந்தைகளின் வெண்கலக் காலணிகளை அங்கங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடியைக் குனிந்து பார்த்தேன். இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறுகூட வெண்கலத்தில் முறுக்குப் பிசகாமல் இருக்கிறது.

ஒரு பெயர் மட்டும் என்னை விடவில்லை. லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து பஞ்ச நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் டிரெவெல்யன். சந்தையில் அரசு தலையிடக் கூடாது, இலவசம் கொடுத்தால் சோம்பேறியாவான் என்ற கொள்கைக்காரர். வேலை கொடுத்துக் கூலி என்று போகாத ஊருக்கெல்லாம் ரோடு போட வைத்தார்கள். அதே டிரெவெல்யன்தான் 1859இல் மதராஸ் கவர்னராக வந்து, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர்! வருமான வரியை எதிர்த்து வெளிப்படையாக எழுதியதற்காக அடுத்த வருஷமே திருப்பி அழைத்துவிட்டார்கள். அவர் போய்ப் பதினைந்து சொச்சம் வருஷத்தில் நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம். அப்போதும் அதே பாட்டு, அதே வேலைக்குக் கூலி. பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியது அந்தக் கூலிதான். ஒரு பஞ்சத்தில் கற்ற பாடத்தை அடுத்த பஞ்சத்தில் மறுபடி பரீட்சை செய்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸ்லைகோ, திங்கள்

தம்பி மகன் கேரிக்-ஆன்-ஷானனில் ரயிலேற்றிவிட்டுப் போய்விட்டான். ஷானன் 360 கி.மீ. ஓடும், இந்தத் தீவிலேயே நீளமான ஆறு. ஓடுகிறது என்று சொன்னால்தான் தெரியும். அவ்வளவு தட்டை நிலம்.

அடுத்த ஸ்டேஷன் பாய்ல். இரண்டு மணி நேரம் இறங்கிச் சுற்றினோம். பன்னிரண்டாம் நூற்றாண்டு மடாலயம் ஒன்று இடிந்தும் கம்பீரமாக நிற்கிறது. நான் இறங்கியது அதற்காக அல்ல. மார்கரெட் கசின்ஸ் பிறந்த ஊர் இது, 1878இல். டப்ளினிலும் லண்டனிலும் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடி ஜெயிலுக்குப் போனவர். 1915இல் கணவரோடு சென்னைக்கு வந்தவர், 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார். மதனப்பள்ளியில் தாகூர் தங்கியிருந்தபோது ஜன கண மன பாட்டுக்கு ஸ்வரம் எழுதிவைத்தவரும் இவரே. 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர் சிறையில் இருந்தார். லண்டனில் ஒரு ஜெயில், அயர்லாந்தில் ஒரு ஜெயில், வேலூரில் ஒரு ஜெயில். 1954இல் அடையாற்றிலேயே காலமானார். அந்தச் சின்ன ஊரின் ஆற்றுப் பாலத்தில் நின்று வீட்டம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பள்ளிக்கூடத்துல இவங்களைப் பத்தி ஒரு வரி சொல்லலையே" என்றாள்.

ஸ்லைகோவில் மழை. நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாள் சோடா ரொட்டியும் வெண்ணெயும் பால் விட்ட கடுந்தேநீரும் கொடுத்தார். இந்த ஊர் டீ நம் நாக்குக்குச் சரியாக இருக்கிறது, சூடும் திடமும். லண்டன் டீயைக் குடித்து நொந்தவர்கள் இங்கே வரலாம்.

டெரி, செவ்வாய், புதன்

ஸ்லைகோவிலிருந்து டெரிக்கு பஸ். இடது பக்கம் கடல், வலது பக்கம் மேசை போல உச்சி தட்டையான பென்பல்பன் மலை, பிறகு டோனகல் கவுண்டி. வடக்கு என்றால் வட அயர்லாந்து என்று நினைத்துவிட வேண்டாம். தீவின் வடகோடி முனை இருப்பது தெற்கு ஆட்சியின் டோனகலில். அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்தில் 9 கவுண்டிகள். 1921இல் பிரிக்கும்போது, பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட்களின் பெரும்பான்மை உறுதியாகும்படி 6ஐ மட்டும் வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மூன்று, டோனகலும் சேர்த்து, தெற்கோடு. கோடு வளைந்து நெளிந்து 500 கி.மீ. போகிறது.

பிரிட்ஜெண்ட் என்ற ஊரில் எல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தேன். பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. ரோட்டோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையானது. வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலானது. பலகைகளில் ஐரிஷ் மறைந்தது. அவ்வளவே. முன் சீட்டுப் பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

இதே இடத்தில், காஷ்குவின் சோதனைச் சாவடியில், 1990 அக்டோபரில் நடந்ததை நான் முன்பே படித்திருந்தேன். ராணுவ முகாமில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவரின் குடும்பத்தைப் பிணையாகப் பிடித்துவைத்து, வெடிகுண்டு ஏற்றிய வண்டியை அவரையே சாவடிக்கு ஓட்டிப்போக வைத்தது ஐ.ஆர்.ஏ., பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஐரிஷ் குடியரசுப் படை. அவரும் 5 சிப்பாய்களும் போனார்கள். அந்தக் காலத்தில் எல்லையின் சின்னச் சின்ன ரோடுகளையெல்லாம் ராணுவம் குண்டு வைத்துப் பெயர்த்துப் போட்டிருந்தது. இப்போது அங்கே பெட்ரோல் பங்க்.

டெரியில் இறங்கி முதல் வேலையாகத் தபால் பெட்டி தேடினேன். சிவப்பு! எலிசபெத் ராணியின் முத்திரை. டப்ளின் ஸ்டாம்பு இங்கே செல்லாது. வேறு ஸ்டாம்பு, வேறு தபால் துறை. ஊருக்கும் இரண்டு பெயர். கத்தோலிக்கர் டெரி என்பார்கள், புராட்டஸ்டன்ட்கள் லண்டன்டெரி. வழிப் பலகைகளில் 'லண்டன்' மேல் யாரோ பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

1619இல் கட்டி முடித்த கோட்டை மதில் முழுதாக இருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று; மேலேயே நடந்து வரலாம். 1689இல் கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸின் படை 105 நாள் முற்றுகையிட்டும் உள்ளே இருந்த புராட்டஸ்டன்ட்கள் விடவில்லை. அந்த வெற்றியை இன்றும் வருஷா வருஷம் ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள். மதிலிலிருந்து கீழே பார்த்தால் பாக்சைட், கத்தோலிக்க ஏழைகளின் பேட்டை. மேலே பீரங்கி, கீழே குடியிருப்பு. முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அரசியல் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது.

பிரச்சினை மதச் சண்டை என்று சொல்லப்படுவது பாதி உண்மை. இந்த ஊரில் கத்தோலிக்கர் பெரும்பான்மை; ஆனால் 1960களின் கடைசிவரை நகரசபை புராட்டஸ்டன்ட்கள் கையில். எப்படி? வார்டு எல்லைகளை அதற்கேற்ப வெட்டியிருந்தார்கள். உள்ளாட்சியில் வீட்டுக்குரியவருக்கும் அவர் துணைக்கும்தான் ஓட்டு. கம்பெனி வைத்திருந்தால் கூடுதல் ஓட்டு. வீடு ஒதுக்குவது நகரசபை. ஆகவே கத்தோலிக்கருக்கு வீடு கொடுத்தால் ஓட்டும் கொடுத்ததாகிவிடும். எனவே வீடு கிடையாது. 'ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்று 1968 அக்டோபரில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது. அங்கிருந்து தொடங்கி முப்பது வருஷம், 3,500 உயிர்.

1972 ஜனவரி 30, ஞாயிறு. விசாரணையின்றிச் சிறைவைப்பதை எதிர்த்து வந்த ஊர்வலத்தின் மேல் பாராசூட் படை சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள், இன்னொருவர் பின்னால். ஆயுதம் வைத்திருந்தார்கள் என்று அரசு சாதித்தது. 2010 ஜூனில்தான், பன்னிரண்டு வருஷம் நடந்த இரண்டாவது விசாரணைக்குப் பிறகு, பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது நியாயமற்றது, நியாயப்படுத்தவே முடியாதது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். பாக்சைடில் வீட்டுச் சுவர்களில் மூன்று மாடி உயரத்துக்கு அந்த நாளின் படங்கள். ஒரு வீட்டில் சித்திரத்துக்குக் கீழே ஜன்னலைத் திறந்து ஒரு பாட்டி தரை விரிப்பை உதறிக்கொண்டிருந்தார்.

பெல்ஃபாஸ்ட், வியாழன்

காலையில் டெரியிலிருந்து கடலோர ரயில், நடுவில் ஜயண்ட்ஸ் காஸ்வே. சுமார் 40,000 கருங்கல் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். ஆறு கோடி வருஷம் முன்பு எரிமலைக் குழம்பு மெள்ள ஆறி விரிசல் விட்டதில் வந்த வடிவம். ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்துக்குப் போக அடுக்கிய பாலம் என்பது ஊர்க் கதை. எனக்குப் போட்டோவில் பார்த்ததே போதும் என்று இருந்தது, காற்று அப்படி. வீட்டம்மா கடைசிக் கல்வரை போய்வந்தாள்.

பெல்ஃபாஸ்ட், வெள்ளி

டைட்டானிக் இந்த ஊரில் கட்டியது. அதற்கு ஒரு பளபளப்பான மியூசியம். நாங்கள் அதை விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து ஃபால்ஸ் ரோடு போனோம்.

கத்தோலிக்க ஃபால்ஸுக்கும் புராட்டஸ்டன்ட் ஷாங்கிலுக்கும் நடுவே 'அமைதிச் சுவர்'. 1969இல் தற்காலிகம் என்று முள்வேலி போட்டார்கள். இப்போது கீழே கான்கிரீட், அதன் மேல் தகடு, அதற்கும் மேல் கம்பி வலை. 1998 ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளி ஒப்பந்தம் ஆகி, ராணுவம் போய், எல்லையே மறைந்துவிட்டது. சுவர் மட்டும் போகவில்லை. நடுவில் உள்ள வாசல்களைச் சாயங்காலம் இன்றும் பூட்டுகிறார்கள்.

சுவரை ஒட்டிய தெருவின் பெயரைப் பார்த்து டாக்ஸியை நிறுத்தச் சொன்னேன். பாம்பே தெரு. பக்கத்தில் காஷ்மீர் ரோடு, கான்பூர் தெரு. இந்தியாவை ஆண்ட காலத்தில் லினன் மில் தொழிலாளர் குடியிருப்புக்கு வைத்த பெயர்கள். 1969 ஆகஸ்டில் இந்த பாம்பே தெருவைத்தான் கூட்டம் வந்து கொளுத்தியது. சுவர் வந்ததே அதனால். புதிதாகக் கட்டிய வீடுகளின் கொல்லைக்கு மேலே கூண்டு மாதிரி கம்பி வலை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீசினால் விழாமலிருக்க. அதற்குக் கீழே ஒரு வீட்டில் துணி காய்ந்தது. குழந்தையின் பள்ளிச் சட்டை.

டிரைவர் ஷாங்கில்காரர், அறுபது வயது. "உங்கள் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்களா?" என்று கேட்டேன். "என் பேரன் படிக்கிறான், அதிசயமாக" என்றார். இரண்டு தரப்பும் கலந்து படிக்கும் பள்ளிகளில் சேர்கிறவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கல்யாணம், கிளப், விளையாட்டு எல்லாம் அதிலிருந்தே பிரிந்துபோகிறது. ரோட்டில் எல்லையை அழிப்பது சுலபமாகத்தான் இருந்திருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் இருப்பதை யாரும் தொடவில்லை என்பது என் எண்ணம்.

2021 கணக்கெடுப்பில் முதல் முறையாகக் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 விழுக்காடு, புராட்டஸ்டன்ட் பின்னணி 43.5. எந்தப் பெரும்பான்மைக்காகக் கோடு போட்டார்களோ அது நூறாவது வருஷத்தில் கைநழுவிவிட்டது. டிரைவரிடம் இதைச் சொன்னதற்கு, "தெரியும், தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பினார்.

ரயிலில், சனி

பெல்ஃபாஸ்ட்-டப்ளின் 'என்டர்பிரைஸ்'. இரண்டு மணி நேரம். நியூரிக்கும் டன்டாக்குக்கும் நடுவே எங்கேயோ எல்லை; போனில் யூரோ நாட்டுக்கு வரவேற்றுக் குறுஞ்செய்தி வந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ட்ராஹிடாவில் பாய்ன் ஆற்றின் மேல் உயரமான பாலம். 1690இல் மன்னர் வில்லியம் மாமனார் ஜேம்ஸைத் தோற்கடித்தது இந்த ஆற்றங்கரையில். பெல்ஃபாஸ்டில் ஜூலை 12 அன்று தெருவெல்லாம் மேளம் அடித்துக் கொண்டாடுவது அந்தச் சண்டையை. அது நடந்த இடமோ இன்று தெற்கு ஆட்சியில்.

எதிர் சீட்டில் நியூரிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸ், டப்ளின் விமான நிலையத்துக்குப் போகிறார், பேத்தியோடு ஸ்பெயினுக்கு. வட அயர்லாந்தில் பிறந்தவர்கள் ஐரிஷ், பிரிட்டிஷ் இரண்டு குடியுரிமையும் வைத்துக்கொள்ளலாம் என்பது 1998 ஒப்பந்தத்தில் உறுதிசெய்த உரிமை. கைப்பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார்.

"இரண்டில் எது நீங்கள்?" என்று கேட்டேன்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய ஏர்போர்ட்டில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரிசை நீளமாம். "வரிசை எது சின்னதோ அது" என்றார். பேத்திக்கு ஐரிஷ் மட்டும் எடுத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் கட்டணம் கட்ட மருமகன் சம்மதிக்கவில்லையாம்.